எட்டு போர்ஷன் கட்டடம் வாங்கணும், யாரைக் கேட்டுக் கத்துக்கறது? – கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் வாடகைக் கட்டடம் வாங்க நினைப்பவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர் வங்கியில் சொத்துக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காந்தி நகரிலும் சத்துவாச்சாரியிலும் போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருப்பவர்.

சார், காட்பாடியில் 8 போர்ஷன் கட்டடம் ஒன்று விலைக்கு வருது. எனக்கு அனுபவம் சுத்தமா இல்லை. கூட இருந்து சொல்லித்தர ஆள் எங்கே கிடைப்பார்? (ஐடி வேலை, காட்பாடி)

விளம்பரத்தில் கிடைக்க மாட்டார் தம்பி. நாலைந்து கட்டடத்தை ஒழுங்காக நடத்துகிறவர் மேடை போட்டுப் பேசுவதில்லை. அந்த ஏரியாவில் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவரையும் பிளம்பரையும் விசாரியுங்கள். எந்த ஓனர் கூலியை இழுத்தடிக்காமல் கொடுக்கிறார், எந்தக் கட்டடத்தில் குடித்தனக்காரர்கள் வருஷக்கணக்காக இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அப்படி இரண்டு பேர் சொல்லும் ஓனரைப் போய்ப் பாருங்கள்.

"எனக்கு எல்லாம் சொல்லித் தாங்க" என்று போய் நிற்காதீர்கள், யாருக்கும் அதற்கு நேரமில்லை. ஒரு கட்டடத்துக்குக் கணக்குப் போட்டு, அந்தத் தாளை நீட்டி "இதில் எங்கே தப்பு?" என்று கேளுங்கள். தப்பு கண்டுபிடிக்கச் சொன்னால் நம்ம ஊர்ப் பெரியவர்கள் டீ சொல்லி உட்கார வைத்துப் பேசுவார்கள்.

என்ன கணக்கு சார்? புரோக்கர் மாசம் 72,000 வருதுன்னு சொல்றார். (அதே தம்பி)

8 போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் மாசம் 9,000. வருஷத்துக்கு 8,64,000. இது புரோக்கர் கணக்கு. ஒவ்வொரு போர்ஷனும் வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வையுங்கள், 72,000 போச்சு. வீட்டு வரி, பொது மின்கட்டணம், செப்டிக் டேங்க், தண்ணி லாரி, ஆள் மாறும்போது பெயின்ட், எல்லாம் சேர்த்து 1,60,000 என்று எடுத்துக்கொண்டால் மிச்சம் 6,32,000. விலை 1.80 கோடி என்றால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் சேரும், அது 16.20 லட்சம். ஆக 1.96 கோடி போட்டு 6.32 லட்சம். 3.2 சதவீதம். கடன் வாங்கி வாங்கினால் வாடகை வட்டிக்கே பத்தாது, மிச்சத்தைச் சம்பளத்திலிருந்து கட்டுவீர்கள்.

வாங்காதே என்று சொல்லவில்லை. இங்கே கொடுக்கும் விலையில் பெரும்பங்கு மனைக்கு. மனை ஏறும் என்று நம்பித்தான் வாங்குகிறோம். அதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

பெங்களூரில் ஒருத்தர் அமெரிக்க முறையில் அப்பார்ட்மென்ட் முதலீடு கத்துத் தரார், ஃபீஸ் அரை லட்சம். சேரலாமா? (தோல் ஏற்றுமதி, ஆம்பூர்)

அமெரிக்காவில் 5 வீடோ அதற்கு மேலோ இருக்கும் கட்டடம் வணிகக் கடன் கணக்கில் வரும். உங்கள் சம்பளத்தைவிடக் கட்டடத்தின் வருமானத்தைத்தான் வங்கி முக்கியமாகப் பார்க்கும். விலையும் அப்படித்தான். நிகர வருமானம் 1 லட்சம் டாலர், அந்த ஏரியாவில் விலையில் 5 சதவீதம் நிகர வருமானமாக வருவது வழக்கம் என்றால் விலை 20 லட்சம் டாலர். வாடகையை ஏற்றி நிகர வருமானத்தில் 10,000 டாலர் கூட்டினால் விலை 2 லட்சம் டாலர் ஏறும். அவர்கள் வித்தை முழுக்க இதில்தான் இருக்கிறது.

நம்ம வேலூர்த் தோட்டப்பாளையத்தில் வாடகையை ஆயிரம் ஏற்றிப் பாருங்கள், கட்டட விலை அசையாது. இங்கே வங்கி பார்ப்பது பத்திரத்தையும் உங்கள் வருமான வரிக் கணக்கையும். பாடம் நல்ல பாடமாகவே இருக்கலாம், அது வேற ஊர்ப் பாடம். என்னைக் கேட்டால் அந்த அரை லட்சத்தை நல்ல வக்கீலுக்கும் கட்டடம் பார்க்கும் இன்ஜினியருக்கும் கொடுப்பேன்.

அண்ணா, நான் குடியாத்தம், இப்போ டல்லாஸில். இங்கேயே பங்கு போட்டு அப்பார்ட்மென்ட் வாங்கும் கூட்டுகளில் சேரலாமா? மென்டார் தேடிட்டு இருக்கேன்.

உங்களுக்கு அந்த அமெரிக்கப் பாடம் பொருந்தும். அங்கே பல கூட்டுகள் தகுதி பெற்ற முதலீட்டாளரை மட்டும்தான் சேர்க்கும். கடந்த 2 வருஷமும் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல், துணையோடு சேர்த்தால் 3 லட்சம், இந்த வருஷமும் அவ்வளவு வரும் என்ற நிலை. இல்லாவிட்டால் குடியிருக்கும் வீடு போக 10 லட்சம் டாலருக்கு மேல் சொத்து. ஸ்கோர் என்ற அமைப்பு, அமெரிக்க அரசின் சிறுதொழில் துறை ஆதரவோடு, தொழில் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. முதலில் அங்கே கேளுங்கள். பயிற்சி நடத்துபவரே "என் அடுத்த கட்டடத்தில் பணம் போடு" என்றால் அவர் உங்களுக்கு ஆசானில்லை, நீங்கள் அவருக்கு வாடிக்கையாளர்.

ஊரில் வாங்கும் யோசனையும் இருந்தால், வெளிநாட்டுவாழ் இந்தியராக வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது.

எங்க புரோக்கருக்கு 20 வருஷ அனுபவம். அவரையே குருவா வெச்சுக்கலாமே? (சத்துவாச்சாரி)

நீங்கள் வாங்கினால்தான் அவருக்குக் காசு. "இது வேணாம் சார்" என்று அவர் கடைசியாக எப்போது சொன்னார்?

சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற நோயாளிகளுக்கு ரூம் விட்டா வருமானம் மூணு மடங்குன்னு சொல்றாங்களே? (வேலப்பாடி)

கேட்க நல்லாத்தான் இருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் நாள் கணக்கில், வாரக் கணக்கில் தங்குவார்கள். அது லாட்ஜ் தொழில். உரிமம் வேறு, வரி வேறு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ரயிலில் வந்து இறங்குபவருக்குக் கதவு திறக்க ஆள் வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள வீட்டு ஓனரிடம் போகாதீர்கள், லாட்ஜ் மேனேஜரிடம் போங்கள். பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் வருஷச் சட்டப்படி உரிமம் தனி.

ஒரு சீனியர் வழிகாட்டறேன்னு சொல்லி, ஆளுக்கு 5 லட்சம் போட்டா கட்டடம் வாங்கி மாசம் 2 சதவீதம் தரேன்னு சொல்றார். (ராணிப்பேட்டை)

மேலே போட்ட கணக்கில் வருஷத்துக்கே 3.2 வந்தது. இவர் வருஷத்துக்கு 24 எங்கிருந்து எடுத்துத் தருவார்? மாத வட்டி ஆசையில் நம்ம ஜில்லாக்காரர்கள் பட்டது போதாதா? நாலு பேர் சேர்ந்து வாங்குவது தப்பில்லை. நாலு பேர் பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும், யார் எப்போது விலகலாம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐயா, மாமனார் விட்டுப்போன 4 போர்ஷன் இருக்கு. இன்னொன்னு வாங்க ஆசை. ஆனா குடித்தனக்காரங்ககிட்ட பேசறதுக்கே பயமா இருக்கு. எனக்கு யார் சொல்லித் தருவாங்க? (வாலாஜாபேட்டை, இல்லத்தரசி)

அம்மா, இந்த ஊரில் பாதிக் கட்டடங்களை நடத்துவதே பெண்கள்தான். பத்திரத்தில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும், வாடகை நோட்டு அந்தம்மா கையில் இருக்கும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். நானே பல விஷயம் என் வீட்டம்மாவைக் கேட்டுத்தான் சொல்கிறேன்.

அடுத்ததை வாங்குவதற்கு முன் இந்த 4 போர்ஷனையும் ஒழுங்குபடுத்துங்கள். வாடகை ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்தால் எழுத்தில் போட்டு, 2017-ஆம் வருஷ வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதியுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஈபி மீட்டர் போர்ஷனுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள், சண்டையில் முக்கால்வாசி அங்கேதான் ஆரம்பிக்கும். பட்டா யார் பெயரில் இருக்கிறது? இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு போய் மாற்ற மனுக் கொடுங்கள், அது முடியாமல் வேறு எதற்கும் கிளம்பாதீர்கள்.