நரம்பைச் சீரமைக்கும் ஆராய்ச்சிக்கு மகள் எந்தப் பிரிவில் சேரலாம்?

பிளஸ் டூ முடித்த மகள், அறுந்த நரம்பை வளரவைக்கும் பொருள்களைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறாள், இதை நம்பிச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். ஆனால் அந்தப் பெயரில் இளநிலைப் படிப்பைத் தேடாதீர்கள். முதுநிலை, முனைவர் பட்டம் வரை போனால்தான் கைக்கு வரும் துறை இது.

வேலை என்னவென்று முதலில் அவளுக்குத் தெரியட்டும். கையில் நரம்பு அறுந்து இடைவெளி விழுந்தால், காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து ஒட்டுவதே இன்றும் முதன்மையான சிகிச்சை. எடுத்த இடம் மரத்துப்போகும். அதைத் தவிர்க்கத்தான் கொலாஜன் (தோலில் உள்ள புரதம்), கைட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து எடுப்பது) போன்றவற்றில் குழாய் செய்து, நரம்பின் இரு முனைகளையும் அதற்குள் வைத்துத் தைக்கிறார்கள். நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். இடைவெளி 3 செ.மீ.யைத் தாண்டினால் வெற்றுக் குழாய் பெரும்பாலும் தோற்கிறது. நரம்பிழையைச் சூழ்ந்திருந்து அதற்கு வழிகாட்டும் ஷுவான் செல்கள் அவ்வளவு தூரம் வந்து சேர்வதில்லை. மேல்கையில் அடிபட்டவருக்கு நரம்பு விரல்வரை வந்துசேர ஓராண்டு ஆகலாம். அதற்குள் தசை சூம்பிவிடும். குழாய் சீக்கிரம் கரைந்தாலும் கேடு, உப்பி நரம்பை நெரித்தாலும் கேடு.

ஆய்வகத்தில் எலக்ட்ரோஸ்பின்னிங், அதாவது மின்னழுத்தத்தால் மெல்லிய இழை நூற்பது, செய்வாள். பாலிகேப்ரோலாக்டோன் என்ற, உடலில் மெல்லக் கரையும் பாலிமரை 10 முதல் 15 சதவீதக் கரைசலாக்கி, 10 முதல் 20 கிலோவோல்ட் கொடுத்து, வேகமாகச் சுழலும் உருளையில் ஒரே திசையில் இழைகளைப் படியவைப்பது. கரைசல் நீர்த்துப்போனால் இழையில் மணிமணியாக முடிச்சு விழும். ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறினாலோ, நேற்று சரியாக வந்த இழை இன்று வராது. செல் வளர்ப்பில் பூஞ்சை புகுந்தால் இரண்டு வார உழைப்பு குப்பைக்குப் போகும். மதிப்பெண்ணைவிட இந்தப் பொறுமைதான் இங்கே முக்கியம்.

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மதிப்பெண் அதில் சேராது. வேதியியல் பிடித்தவளுக்குப் பாலிமர் அல்லது மெட்டீரியல்ஸ், செல்களில் ஆர்வம் என்றால் பயோடெக்னாலஜி, கருவி என்றால் பயோமெடிக்கல். பிரிவின் பெயரைவிடக் கல்லூரியின் ஆய்வகத்தைப் பாருங்கள். செல் வளர்ப்பு அறை உண்டா, அதை இளநிலை மாணவர்கள் தொடவிடுகிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். பெற்றோர் பலர் விட்டுவிடும் கேள்வி இது.

பிறகு முதுநிலைப் பொறியியலுக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு. 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாளே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் சென்னை ஐஐடியும் உடலுக்குள் வைக்கும் பொருள்களின் (பயோமெட்டீரியல்ஸ்) ஆராய்ச்சிக்கு நல்ல இடங்கள். கொலாஜன் என்றால் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். முனைவர் பட்ட ஆய்வுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும்.

நரம்புக் குழாயை மட்டும் நம்பினால் நம் நாட்டில் வேலை குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இதே கைத்திறன் புண்ணுக்கான கட்டுப்பொருள், ஸ்டென்ட், பல் இம்பிளான்ட், மருத்துவக் கருவிகள் உடலுக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 பரிசோதனை என்று பல பக்கம் போகும்.

இரண்டாம் ஆண்டிலேயே அறிவியல் அகாதமிகளின் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வரட்டும். முதுநிலையைப் பற்றி அப்போது பேசுவோம்.