இரவில் எழுதி, காலையில் அனுப்பலாமா?

கேள்வி: இரவில் எழுதும் அலுவலக மின்னஞ்சலை மறுநாள் காலையில் போய்ச் சேரும்படி ஜிமெயிலில் அனுப்ப முடியுமா? அதுவரை கணினியை அணைக்காமல் வைத்திருக்க வேண்டுமா?

பதில்: தாராளமாக அனுப்பலாம். 2019 ஏப்ரலில் ஜிமெயிலில் சேர்க்கப்பட்ட இந்த வசதி, கணினியில் ‘செண்ட்’ பொத்தானை ஒட்டிய சிறிய அம்புக்குறிக்குள் ‘ஷெட்யூல் செண்ட்’ என்ற பெயரில் இருக்கிறது. நாளையும் நேரத்தையும் குறித்துவிட்டால், கடிதம் கூகுளின் சர்வரிலேயே காத்திருந்து புறப்படும் என்பதால், கணினியை அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம். இடையில் ரத்து செய்தால் அது வரைவுப் பகுதிக்குத் திரும்பிவிடும். திருத்திய பின் மறுபடியும் நேரம் குறிக்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வெளிநாட்டுக்கு எழுதுவோர், நேரம் தங்கள் ஊர்க் கணக்குப்படியே கொள்ளப்படும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்: கோடையில் லண்டனுக்குக் காலை 9 மணிக்குச் சேர, இந்திய நேரம் பிற்பகல் 1.30 என்று குறியுங்கள். கீழே பணிபுரிவோருக்கு நள்ளிரவில் கடிதம் அனுப்பும் மேலதிகாரிகள் இதை அவசியம் பழகிக்கொள்ள வேண்டும் என்பேன்.