பழைய லேண்ட் ரோவருக்கு டீசல் இன்ஜின்

கேள்வி: செம்பனைக் குலை ஏற்றும் என் லேண்ட் ரோவர் சீரிஸ் 3-இல் 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்குப் பதிலாக இசுசு 4ஜேபி1 டீசல் வைத்தால் பிரேக் கெடுமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சர்வோ (வெற்றிடத்தின் உதவியால் பிரேக் பெடலை லேசாக்கும் கருவி) உள்ள வண்டியென்றால் கெடும். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் தகடு காற்றை மறிப்பதால் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. இந்த டீசலில் அப்படி இல்லை. சர்வோ செத்து, பெடல் கல்லாகிவிடும். ஆகவே, பின்புறம் வேக்குவம் பம்ப் (வெற்றிடம் உண்டாக்கும் பம்ப்) உள்ள ஆல்டர்னேட்டரோடு சேர்த்தே இன்ஜினை வாங்குங்கள். பம்புக்கு எண்ணெய்க் குழாய் மறவாதீர்கள், காய்ந்தால் தேய்ந்துவிடும். லாரியில் கழற்றியதென்றால் ஸ்டார்ட்டர் 24 வோல்ட்டாக இருக்கலாம், உங்கள் வண்டி 12 வோல்ட்; பார்த்து வாங்குங்கள்.

கியர்பாக்ஸை இணைக்கும் அடாப்டர் தகடு மையம் விலகினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போய்விடும். டாங்கியைக் கழுவி, மிச்ச டீசல் டாங்கிக்குத் திரும்ப ரிட்டர்ன் குழாய் போடுங்கள். சக்கர அச்சிலுள்ள 4.7 விகித டிஃப் (டிஃபரன்ஷியல் கியர்) நெடுஞ்சாலையில் இரையும்; தோட்டத்துக்கு அதுவே நல்லது. ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியை மட்டும் முதலில் வாங்கிவிடுங்கள்.