பகலில் வந்த நிலா

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியையாக இருக்கிறேன். மாண்டிசோரி முறைப் பள்ளி என்றுதான் பெயர்ப்பலகை சொல்கிறது. இந்தப் பருவத்தில் விண்வெளியையும் வானிலையையும் விளையாட்டு வழியாகவே நடத்த வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. 4,000 ரூபாய்க்குச் சூரியக் குடும்ப மாதிரி ஒன்று வருகிறதாம், வாங்கித் தருகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கோள்களின் பெயர்களை எப்படிச் சொல்லித் தருவது? தமிழிலா, ஆங்கிலத்திலா? செல்போன் ஆப் ஏதாவது உதவுமா? பெயரை வெளியிட வேண்டாம்.

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் என் பேத்தியின் ஒர்க்‌ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்றிருந்தேன். அவளுக்கு நாலரை வயது. தாளில் சூரியன், நிலா, ஆந்தை, சேவல் என்று படங்கள். பகலில் தெரிவதற்கு மஞ்சள் வட்டம், இரவில் தெரிவதற்கு நீல வட்டம் போட வேண்டும். அவள் நிலாவுக்கு இரண்டு வட்டமும் போட்டிருக்கிறாள். சிவப்பு மையில் பெரிய இன்ட்டு.

இதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் கேள்விகள்.

ஆப் வேண்டாம். மொழி? பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியில். தூறல், சாரல், அடைமழை என்று அளவுக்கு ஒரு சொல் வைத்திருக்கிற மொழியைக் கையில் வைத்துக்கொண்டு ‘ரெய்னி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம்.

கோள்களின் பெயர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகவே சொல்கிறேன். சொல்லித் தராதீர்கள். விருந்தாளி வந்ததும் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி மெர்குரி, வீனஸ் என்று ஒப்பிக்கவைத்துப் படம் பிடிக்கிற பெற்றோருக்காகத்தான் அந்தப் பட்டியல் நடக்கிறது. பிள்ளைக்கு அது கடைக்காரர் மளிகைச் சாமான் வாசிப்பது மாதிரி. 1992-ல் வோஸ்னியாடு, ப்ரூவர் என்று இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 60 பள்ளிப் பிள்ளைகளிடம் பூமியைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். பூமி உருண்டை என்று வாய் சொன்னது. ஆனால் நேராக நடந்துகொண்டே இருந்தால் எங்கே போய்ச் சேருவாய், பூமிக்கு ஓரம் உண்டா என்று தோண்டத் தோண்ட வேறு பூமிகள் வெளியே வந்தன. தோசை மாதிரித் தட்டையான வட்டம் ஒருவருக்கு. உருண்டைக்கு உள்ளே தட்டையான தரையில் நாம் குடியிருக்கிறோம் என்றது இன்னொரு பிள்ளை. வேறு சிலருக்கு இரண்டு பூமி: நாம் நிற்பது ஒன்று, டீச்சர் சொல்கிற உருண்டை வானத்தில் தனியாக. அந்தப் பிள்ளைகளின் மேல் எனக்கு மரியாதை. கண்ணால் பார்த்ததையும் விடாமல் பெரியவர்கள் சொன்னதையும் தள்ளாமல் இரண்டையும் எப்படியாவது சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் பாடே இது என்றால் உங்கள் நாலு வயதுகளை விட்டுவிடுங்கள்.

பெயர்ப்பலகையில் இருக்கிற அம்மையாரும் இதைத்தான் சொன்னார். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். பிரபஞ்சத்தின் கதையையே பாடமாக்கும் அவருடைய முறை அங்கேதான் விரிந்து உருப்பெற்றது. ஆனால் அது ஆறு வயதுக்கு மேல். அதற்குக் கீழே கையும் கண்ணும் காதும்தான் பாடம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். உங்கள் நிர்வாகத்துக்கு இது தெரியாமலா இருக்கும்? பலகை எழுதியவருக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்த 4,000 ரூபாய் மாதிரியில் சூரியன் சாத்துக்குடி, பூமி எலுமிச்சை அளவில் இருக்கும். நானே பார்த்திருக்கிறேன். சூரியனை 30 செ.மீ. பூசணிக்காயாக வைத்தால் பூமி கடுகைவிடச் சற்றே பெரிது. அந்தக் கடுகை 32 மீட்டர் தள்ளி, உங்கள் பள்ளி கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். நெப்டியூனுக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். காசு கொடுத்து ஏன் ஐயா பொய்யை வாங்குவது? (ஐயா என்பது நிர்வாகத்துக்கு.)

என் அம்மா தென்காசிப் பக்கம் ஒரு பால்வாடியில் ஆயாவாக இருந்தார். ஆனி, ஆடியில் சாரலும் வெயிலும் மாறி மாறி அடிக்கும். மழை விட்டதும் சிமெண்டு முற்றத்தில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். அம்மா அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு தேக்கத்தைச் சுற்றியும் கோடு இழுத்துவிட்டு உலை வைக்கப் போய்விடுவார். அரைமணி கழித்து வந்தால் தண்ணீர் கோட்டைவிட்டு உள்ளே ஒதுங்கியிருக்கும். மறுபடி ஒரு கோடு. சோறு வடிப்பதற்குள் கோட்டுக்குள் கோடாக மூன்று நான்கு. “தண்ணி எங்கலே போச்சு?” என்பார் அம்மா. தரை குடிச்சிட்டு என்றான் ஒருத்தன். உடனே ஓர் எவர்சில்வர் தட்டில் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தார். அதுவும் வற்றியது. தட்டு குடிக்குமாலே? காக்கா குடிச்சிருக்கும் என்று இன்னொருத்தன். காக்காவுக்குக் காவல் இருந்தோம். மாமரத்தடியில் நின்ற தண்ணீர் மட்டும் சாயங்காலம்வரை அப்படியே கிடந்தது ஏன் என்று கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை, அம்மா உட்பட. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆவியாதல் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. சோறு ஆகும்வரை எங்களை அடக்கி வைக்கத்தான் செய்தார் என்று பின்னாளில் சொன்னார். எட்டாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதியபோது என் மூக்கில் கரிவாசம் அடித்தது.

உபகரணம் வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால் கால் கிலோ மைதா வாங்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார், பனித்துகள்களைப் படம் பிடித்துப் பேர் வாங்கியவர். மழைத்துளியின் அளவை அறிய அவர் செய்தது இவ்வளவுதான்: சலித்த மாவைத் தட்டில் பரப்பிச் சில நொடிகள் மழையில் காட்டினார். விழுந்த ஒவ்வொரு துளியும் மாவில் ஓர் உருண்டை பிடித்தது. காயவிட்டு அளந்தார். 1904-ல் அதை வானிலை இதழில் வெளியிட்டார். உங்கள் பிள்ளைகள் அளக்க வேண்டாம். தூறலுக்குக் கடுகு வரும், இடிமழைக்கு மிளகு வரும். சலித்து எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்தால் அன்றைய மழை கையில் இருக்கும். இடி இடிக்கும்போது மட்டும் தட்டை நீங்கள் தொடாதீர்கள், தாழ்வாரத்து ஓரத்தில் முன்பே வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த இன்ட்டு. இதை விடுவதாக இல்லை.

நிலா வானத்தில் இருக்கிற நேரத்தில் ஏறத்தாழப் பாதி பகல்தான். பௌர்ணமி நிலாதான் சூரியன் மறைகையில் எழுந்து சூரியன் எழுகையில் மறைகிறது, இரவுக்கே நேர்ந்துவிட்டதுபோல. மற்ற நாள்களில் அது அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. வளர்பிறை அஷ்டமி நிலா நடுப்பகலில் எழும், நான்கு மணிக்குப் பிள்ளைகள் வீடு திரும்பும்போது கிழக்கே நிற்கும். தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவில் எழுந்து நடுப்பகலில்தான் மறையும். காலை எட்டரைக்கு நீங்கள் பிரேயருக்கு வரிசை நிறுத்தும்போது மேற்கு வானில் நல்ல உயரத்தில் வெளுத்துப்போய் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு மேலேயே நிற்கும். அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கு அது தெரிகிறது, ஒர்க்‌ஷீட்டை அச்சடித்தவருக்குத் தெரியவில்லை. திருத்தியவருக்கும் தெரியவில்லை. என் பேத்தி இதை யாரிடமும் படிக்கவில்லை. ஆட்டோவில் போகும்போது பார்த்திருக்கிறாள். “தாத்தா, நிலா இன்னும் வீட்டுக்குப் போகல” என்று இரண்டு நாள் முன்னால் என்னிடமே சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டே ம் கொட்டினேன். சிவப்பு மைக்கு முன்னால் என் பங்கும் இருக்கிறது.

ஆசிரியையைத் திட்டுவதாக நினைக்காதீர்கள். திட்டுகிறேன்தான். நாற்பது தாள் திருத்துகிற உங்கள் அவசரம் எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணால் கண்டு எழுதிய ஒன்றுக்கு இன்ட்டு விழுந்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்க்காது, பக்கத்துப் பிள்ளையின் தாளைத்தான் பார்க்கும்.

அன்று மாடியில் நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். தினசரி காலண்டரில் தேய்பிறை அஷ்டமி. அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் ஆகாது என்பார்கள், நிலா பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. கிழக்கே ஏறிய வெயில் பேத்தியின் தோளில் விழுந்தது. அடுப்படியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். வெயில் பட்ட பக்கம் பளிச்சென்று பாதி, மறுபக்கம் நிழலில் பாதி. பக்கத்தில் நிலாவும் அதே பாதி, அதே பக்கம். சூரியனைப் பார்க்க விடக் கூடாது, அது ஒன்றுதான் எச்சரிக்கை.

அவள் பழத்தைப் பார்த்தாள், நிலாவைப் பார்த்தாள், கையை மடக்கினாள், நீட்டினாள். பிறகு கேட்டாள்: “அங்கயும் வெயில் அடிக்குதா தாத்தா?”

ம் கொட்டாமல் பதில் சொன்னேன்.