ஊறுகாய் ஜாடியைத் திறந்தா நுரை! – வாசகிகள் கேள்வி, அக்கா பதில்

அக்கா, கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் எல்லாம் போட்டு வெஜிடபிள் ஊறுகாய் போட்டேன். கழுவி நறுக்கி, மிளகாய்ப்பொடி, கூட்டுக்குப் போடற அளவு உப்பு, மேல நிறைய எண்ணெய். அஞ்சாம் நாள் திறந்தா நுரை பொங்குது, ஒரு மாதிரி வாடை. எண்ணெய் மிதக்க மிதக்க ஊத்தியும் ஏன் கெட்டுச்சு? – திருச்சி வாசகி

எண்ணெய் ஊத்திட்டா கெடாதுன்னு நாம எல்லாருமே நம்பிட்டிருக்கோம். எண்ணெய் காத்தைத்தான் தடுக்கும், காத்து வேணும்ங்கற பூசணம் வேணா அடங்கும், ஆனா காத்தே இல்லாத இடத்துலதான் வளருவேன்னு அடம் பிடிக்கற கிருமியும் இருக்கே. அந்தக் கிருமி விடற விஷத்தால வர்ற நோய்க்குப் பேர்தான் பொட்டுலிசம், அந்த விஷம் வாடையும் காட்டாது, நிறமும் மாத்தாது. புளிப்பு நல்லா இருந்தா, அதாவது பிஎச்ங்கற புளிப்பு அளவு (எண் குறையக் குறைய புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழ இருந்தா அந்தக் கிருமி வளர முடியாது. மாங்காய்லயும் எலுமிச்சைலயும் புளிப்பு தானாவே இருக்கு, கேரட்லயும் பீன்ஸ்லயும் எங்க இருக்கு? நாமதான் குடுக்கணும். உங்களுது நுரைச்சதுக்குக் காரணம் உப்பும் பத்தலை, காய்ல ஈரமும் இருந்துச்சு. அதை ருசி கூடப் பார்க்காம கொட்டிடுங்க.

அடுத்த தடவை அரை கிலோ காய்க்கு இப்படிப் பண்ணுங்க. காலிஃபிளவரை மட்டும் மஞ்சள் போட்ட கொதிக்கற தண்ணில ஒரு நிமிஷம் போட்டு எடுத்துடுங்க, புழு இருந்தாலும் வந்துரும். அப்புறம் எல்லாக் காயையும் பழைய வேட்டில பரப்பி ஃபேனுக்கு கீழயோ வெயில்லயோ காயப் போடுங்க, காய்ஞ்சுதா இல்லையான்னு பார்க்க எங்க அம்மா ஒரு காய்த் துண்டை எடுத்து நெத்தியில வெச்சுப் பார்ப்பாங்க, ஜில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், மறுபடியும் பரப்பிடுவாங்க. 150 மில்லி நல்லெண்ணெயைக் காய வெச்சு கடுகு, பெருங்காயம் போட்டு அடுப்பை அணைச்சுடுங்க. கொஞ்சம் சூடு தணிஞ்சதும் மூணு டேபிள்ஸ்பூன் மிளகாய்ப்பொடி, 60 கிராம் கல்லுப்பு பொடிச்சது, வறுத்துப் பொடிச்ச வெந்தயம் ஒரு டீஸ்பூன், அப்புறம் காய். கொதிக்கற எண்ணெய்ல மிளகாய்ப்பொடியைக் கொட்டினா கருகி வீடே இருமும், அவசரப்படாதீங்க. முழுசா ஆறினப்புறம் 200 மில்லி எலுமிச்சைச் சாறு, பழத்தைப் பொறுத்து எட்டுப் பத்து பழம் ஆகும். சூட்டுல ஊத்தினா கசந்துரும். மூணு நாள்ல ஊறிடும். ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணும், மூணு நாலு வாரத்துக்குள்ள முடிச்சுடுங்க. இது வருஷக்கணக்குல வைக்கற ஊறுகாய் இல்ல. பச்சைப் பூண்டை வெறும் எண்ணெய்ல ஊறப் போட்டு வெளிய வைக்கறீங்களா, அதையும் இன்னையோட நிறுத்திடுங்க.

மாவடு போட்டு அஞ்சு நாளாச்சு, சுருங்கவே இல்ல. மேல இருக்கறது எல்லாம் மிதந்துட்டே இருக்கு. – மதுரை வாசகி

முதல்ல ஒரு வடுவைக் குறுக்க நறுக்கிப் பாருங்க. உள்ள கொட்டை கெட்டியாகி கத்தி நறுக்குன்னு நின்னா அது வடு இல்ல, சின்ன மாங்காய், என்ன பண்ணினாலும் சுருங்காது. மாசி பங்குனில வர்ற பிஞ்சுலதான் அந்தச் சுருக்கம் வரும். பிஞ்சுதான்னா உப்பு பத்தலைன்னு அர்த்தம். ஒரு கிலோவுக்கு 150லருந்து 175 கிராம் கல்லுப்பு வேணும், அந்த உப்புதான் வடுக்குள்ள இருக்கற தண்ணிய வெளிய இழுக்குது, மூணாம் நாள் ஜாடியைத் தூக்கிக் குலுக்கினா உள்ள தளக் தளக்னு சத்தம் கேக்கணும். நாம ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தறதில்ல, அது முழுக்க வடுவோட தண்ணி! காலையும் சாயங்காலமும் குலுக்கி விடுங்க, மிதக்கறது எல்லாம் உப்புத்தண்ணில முங்கி முங்கி எழுந்தாதான் பூசணம் வராது. போடும்போது கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவிட்டா உப்பு எல்லாத்துலயும் ஒட்டும். காம்பை ஒட்ட ஒடிக்காதீங்க, பால் பட்டா கை பொத்துரும்.

எங்க வீட்டுல ஒரு வருஷம் ஒரு ஜாடி மாவடு மொத்தமா பூத்துப் போச்சு. ஈரக் கரண்டி விட்டது யாருன்னு வீட்டையே விசாரிச்சேன், கடைசில பார்த்தா ரசக் கரண்டியைக் கழுவி அப்படியே விட்டது நான்தான்.

வீட்டுக்காரருக்கு பிபி. ஊறுகாய்ல உப்பைப் பாதியாக் குறைக்கலாமா? – சேலம் வாசகி

ஜாடில குறைக்காதீங்கம்மா, தட்டுல குறைங்க. உப்பைக் குறைச்சா அது ஊறுகாயா இருக்காது, ஊசிப்போன காயாத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவா உப்பு சாப்பிடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள, குழம்பு ரசம் பொரியல் எல்லாம் சேர்த்து. அதுல ஊறுகாய்க்கு எங்க இடம்? தயிர் சாதத்துக்கு ஏதாவது வேணும்னு அவர் ஏங்கினா கல்யாண வீட்டு மாங்கா ஊறுகாய் மாதிரி பொடிசா நறுக்கி, உப்பைக் கம்மியாப் போட்டு அன்னன்னைக்குப் பண்ணுங்க. மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாள் முடிச்சுடுங்க. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

உப்பு நார்த்தங்காய் மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. தூக்கிப் போட மனசு வரலை. – தஞ்சாவூர் வாசகி

தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு துண்டை வெந்நீர்ல போடுங்க. வெள்ளை கரைஞ்சு போச்சுன்னா அது உப்பு, காய்ஞ்ச நார்த்தங்காய்ல அப்படித்தான் பூக்கும், தைரியமா சாப்பிடலாம். பஞ்சு மாதிரி மிதந்தாலோ, பச்சை கருப்புன்னு புள்ளி இருந்தாலோ, மக்கின வாடை வந்தாலோ பூசணம். மேல இருக்கறதை வழிச்சுட்டு அடில இருக்கறதைச் சாப்பிடற வேலை வேண்டாம், அதோட வேர் உள்ள வரைக்கும் போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மொத்த ஜாடியும் குப்பைக்கு.

ஜாடி மூடி துருப்பிடிச்சு ஊறுகாய்ல விழுது. வேற மூடி கிடைக்கலை. – கோவை வாசகி

துரு விழுந்த அந்த ஊறுகாயை விட்டுடுங்க. தகர மூடிக்கும் உப்பு புளிப்புக்கும் ஆகவே ஆகாது. பீங்கான் ஜாடின்னா மூடியை எடுத்துட்டு வாய்ல சுத்தமான வெள்ளைத் துணியக் கட்டி, மேல ஒரு பீங்கான் தட்டைக் கவுத்துடுங்க, அது போதும்.