ஸ்ட்ரைக் நாளில் செமினார் எடுக்காவிட்டால் விசா போய்விடுமா?

கேள்வி: பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஸ்டூடண்ட் விசா. உதவித்தொகை போக, வாரம் இரண்டு செமினார் எடுக்கிறேன், மணிக்கணக்கில் சம்பளம். சம்பளம், பணிச்சுமை, ஆள்குறைப்பு எல்லாவற்றையும் முன்வைத்து ஆசிரியர் சங்கம் ஸ்ட்ரைக் அறிவித்திருக்கிறது. அதன்பின் விடைத்தாளும் திருத்த மாட்டோம் என்கிறார்கள். நானும் சேரலாமா? விசாவுக்கு ஆபத்து உண்டா? எவ்வளவு பிடிப்பார்கள்? சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். ஸ்ட்ரைக்கில் சேர்ந்ததற்காக உங்கள் விசா போகாது. விடைத்தாள் விஷயத்தில் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

முதலில் விசா. அந்த வளாகத்தில் நீங்கள் ஒரே நேரத்தில் மாணவி, ஊழியர் இரண்டுமாக இருக்கிறீர்கள். விசா நிற்பது மாணவி என்ற காலில். செமினார் எடுப்பது அந்த விசா அனுமதிக்கும் கூடுதல் வேலை, அவ்வளவுதான். அதை ஒரு நாள் செய்யாமல் இருந்தால் அது உங்களுக்கும் சம்பளம் தரும் அலுவலகத்துக்கும் இடையிலான விஷயம். குடியேற்றத் துறைக்கு அதில் வேலை இல்லை. வேலை விசாவில் இருக்கும் விரிவுரையாளர்களுக்குத்தான் முன்பு நிஜமான பயம் இருந்தது. சம்பளமில்லாத நாள்கள் அளவுக்கு மேல் சேர்ந்தால் ஸ்பான்சர்ஷிப் (விசாவுக்குப் பல்கலைக்கழகம் ஏற்கும் பொறுப்பு) கேள்விக்குள்ளாகும் என்ற விதி அவர்கள் தலைமேல் தொங்கியது. 2018-இல் நடந்த ஓய்வூதியப் போராட்டத்தில் இது பெரிய பேச்சானது. அதே ஆண்டு விதியைத் திருத்தி, சட்டப்படியான ஸ்ட்ரைக் நாள்களை அந்தக் கணக்கிலிருந்து விலக்கினார்கள்.

ஆனால் மாணவி என்ற முறையில் உங்களுக்கு ஸ்ட்ரைக் உரிமை கிடையாது. ஆதரவு காட்டுகிறேன் என்று வருகைப் பதிவையோ ஆய்வுக் கூட்டத்தையோ தவிர்த்தால், அது வெறும் ஆப்சென்ட். ஆய்வு வேலை வழக்கம்போல நடக்கட்டும். உதவித்தொகையும் சம்பளம் அல்ல என்பதால் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சூப்பர்வைசரே ஸ்ட்ரைக்கில் இருந்து கூட்டம் நடக்கவில்லை என்றால் அது உங்கள் தவறில்லை. 'இன்ன தேதிக் கூட்டம் நடக்கவில்லை, நான் தயாராக இருந்தேன்' என்று துறை அலுவலகத்துக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.

விசாவுக்கு உண்மையான ஆபத்து ஸ்ட்ரைக் முடிந்த பிறகுதான் வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. போன வாரம் பூஜ்யம், இந்த வாரம் 26, சராசரி 13 என்று கணக்குக் காட்ட முடியாது. விட்டுப்போன செமினாரையும் தேங்கிய விடைத்தாளையும் ஒரே வாரத்தில் முடித்துக் கொடு என்று துறை கேட்டால், 20-ஐத் தாண்டும் இடத்தில் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். எழுத்தில் மறுங்கள். பணம் வாங்காமல் செய்தாலும் அது வேலைதான்.

அடுத்து, இந்த ஸ்ட்ரைக் சட்டப்படியானதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிரிட்டன் சட்டம் இதில் கறாரானது. ஸ்ட்ரைக்குக்கான வாக்கெடுப்பில், வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும் என்று 2016 தொழிற்சங்கச் சட்டம் விதித்தது. அந்த விதிப்படி, பெரும்பான்மை ஆதரவு இருந்தாலும் வாக்குப்பதிவு 50%-ஐத் தொடாவிட்டால் எல்லாம் வீண். 2023 இலையுதிர் காலத்தில் ஆசிரியர் சங்கமான யுசியுவின் தேசிய வாக்கெடுப்பு அப்படித்தான் விழுந்தது. (வட அயர்லாந்துக்கு இந்த வரம்பு பொருந்தாது.) நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பும் தர வேண்டும். 14 நாளாக இருந்ததை 2025 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் 10 நாளாகக் குறைத்தது. இதையெல்லாம் நீங்களே தோண்ட வேண்டியதில்லை, சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நீங்கள் இன்னும் உறுப்பினராகச் சேரவில்லை என்றாலும் சட்டப்படியான ஸ்ட்ரைக்கில் கலந்துகொள்ளலாம், பாதுகாப்பு ஒன்றுதான். ஆனாலும் சேர்ந்துவிடுவது நல்லது. சிக்கல் வந்தால் உங்களுக்காகப் பேச ஆள் இருக்கும். சம்பளம் இழந்தவர்களுக்கென்று சங்கம் வைத்திருக்கும் போராட்ட நிதியிலிருந்து உதவியும் கேட்கலாம்.

சம்பளப் பிடித்தம். நிரந்தர ஊழியருக்கு ஒரு நாள் ஸ்ட்ரைக்குக்கு ஆண்டுச் சம்பளத்தில் 260-இல் ஒரு பங்கா (வேலை நாள்கள் மட்டும்), 365-இல் ஒரு பங்கா என்று நீண்ட காலம் இழுபறி இருந்தது. ஆறாம் படிவக் கல்லூரி (நம் மேல்நிலை வகுப்பு போன்றது) ஆசிரியர்கள் தொடுத்த ஹார்ட்லி வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் 365-இல் ஒரு பங்கு என்று தீர்ப்பளித்தது. உங்களுக்கு மணிக்கூலி என்பதால் அந்தக் கணக்கு வராது. அன்றைய செமினார் மணிகள் போகும். ஸ்ட்ரைக் நாளில் உங்களுக்கு வகுப்பே இல்லை என்றால் பிடிக்க ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் தயாரிப்பு நேரத்துக்குத் தனிச் சம்பளம் இருந்து, அந்தத் தயாரிப்பை முந்தைய நாளே முடித்திருந்தால், அதைச் சேர்த்துப் பிடித்தால் விடாதீர்கள், கேளுங்கள்.

சரி, விடைத்தாள். இங்கேதான் நிதானம் வேண்டும். 2023 ஏப்ரல் 20 முதல் செப்டம்பர் 6 வரை 145 பல்கலைக்கழகங்களில் யுசியு இந்தப் புறக்கணிப்பை நடத்தியது. திருத்த வேண்டியது சில நாள் வேலைதான் என்றாலும், பல நிர்வாகங்கள் பாதிச் சம்பளத்தைப் பிடித்தன. முழுச் சம்பளத்தையும் பிடித்த இடங்களும் உண்டு. வகுப்பெடுத்துக்கொண்டும் ஆய்வு செய்துகொண்டும் இருந்தவர்களுக்கே அந்தக் கதி. சட்டம் அதற்கு இடம் தருகிறது. சனிக்கிழமைகளில் திருமணம் பதிவு செய்ய மட்டும் மறுத்த ஒரு பதிவாளருக்கு 37-இல் 3 பங்கு சம்பளத்தை வெட்டியது செல்லும் என்று 1987-லேயே, அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை மட்டும் செய்தால் அதை ஏற்க மாட்டோம் என்று நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், மீதி வேலைக்கான கூலியும் சந்தேகம்தான்.

ஆகவே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். திருத்தும் மணிகள் தனியாக எழுதப்பட்டிருந்தால் இழப்பு பெரும்பாலும் அந்த மணிகளோடு நிற்கும். செமினார், தயாரிப்பு, திருத்தல் எல்லாம் ஒரே கட்டாக இருந்தால் மொத்தமும் ஆட்டம் காணலாம். மாத வாடகைக்கு இந்தப் பணத்தை நம்பியிருந்தால், ஸ்ட்ரைக் நாள்களில் முழுதாக நில்லுங்கள், புறக்கணிப்பில் இறங்கும் முன் கிளையிடம் பேசுங்கள் என்பதுதான் என் கருத்து. யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அது அவர்கள் தவறு.

ஒரு கட்டுரை திருத்த 20 நிமிடம் என்று ஒப்பந்தத்தில் எழுதி 60 கட்டுரை கொடுத்தால் உங்களுக்கு 20 மணி நேரச் சம்பளம். படித்து, யோசித்து, அந்தப் பிள்ளைக்கு உருப்படியாக நான்கு வரி எழுத 35 நிமிடம் ஆகிறது என்றால் உழைப்பு 35 மணி நேரம். மீதி 15 மணி நேரம் இனாம். சங்கம் பணிச்சுமை என்று சொல்லும்போது இந்த 15 மணி நேரத்தைத்தான் சொல்கிறது. அதே சமயம் 2023-இல் எடின்பரோவில் பட்டம் முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று தெரியாமலே பட்டமேடை ஏறிய மாணவர்களும் இருந்தார்கள், அந்த வேதனையும் பொய்யில்லை. உங்கள் மாணவர்கள் காரணம் கேட்டால் இந்தக் கணக்கையே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, துறையிடமும் அப்படித்தான். நிர்வாகம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாலும் ஸ்ட்ரைக்குக்கு முன் பதில் தர வேண்டியதில்லை. முடிந்தபின் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். ஸ்ட்ரைக் செய்த நாளை மறைத்துச் சம்பளம் வாங்குவது தனிக் குற்றச்சாட்டாக மாறும். பிக்கெட்டில் (வளாக வாசலில் நடக்கும் மறியலில்) போய் நிற்பது உங்கள் விருப்பம்.

வேலையை விட்டு எடுப்பார்களா? சட்டப்படியான ஸ்ட்ரைக்கில் கலந்துகொண்டதற்காக ஊழியரை நீக்குவது நியாயமற்ற பணிநீக்கம். ஆனால் இந்தப் பாதுகாப்பு 'எம்ப்ளாயி' என்ற தகுதி உள்ளவர்களுக்குத்தான். மணிக்கூலி ஒப்பந்தங்கள் சிலவற்றில் சட்டப்படி உரிமைகள் குறைந்த வெறும் 'ஒர்க்கர்' என்றிருக்கும். உங்களுடையதில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த பருவத்தில் மணிகள் தராமல் விடுவதுதான் நடைமுறையில் வரக்கூடிய தொல்லை. அதனால் இன்றே ஒப்பந்தத்தையும் கடந்த பருவத்தின் சம்பளச் சீட்டுகளையும் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து இறக்கி உங்கள் சொந்தக் கணினியில் வையுங்கள். எந்த வாரம் எத்தனை மணி வேலை செய்தீர்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். சம்பளத் தகராறு, 20 மணி நேர விசாரணை இரண்டில் எது வந்தாலும் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.