மழை பெய்தும் மலை ஏன் எரிகிறது? காட்டுத் தீ கேள்வி பதில்

வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மதுரைக்காரர் ஒருவர் பதில் சொல்கிறார்.

திருமங்கலத்திலிருந்து: ஐயா, போன ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. அப்படியென்றால் இந்தப் பங்குனியில் மலையில் தீ குறைவாகத்தானே இருக்கணும்?

நம்ம பக்கத்து மலைகளில் பல சமயம் நேர்மாறாகத்தான் நடக்கும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் அழகர்மலை, நாகமலைச் சரிவுகளில் புல் மண்டிவிடும். தையில் மழை நின்றதும் காயத் தொடங்கி, பங்குனிக்குள் அத்தனையும் வைக்கோல். மழை பொய்த்த வருஷத்தில் புல் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். தீப் பிடித்தாலும் பாறையில் முட்டி நின்றுவிடும்.

மேலே சோலைக்காட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மரமும் சருகும் எப்போதும் ஏராளம், ஈரம்தான் காவல். அந்த ஈரத்தை உறிஞ்சுகிற வறட்சி வருஷம்தான் அங்கே ஆபத்து. ஆகவே ‘மழை கூடினால் தீ குறையும்’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது, எந்தக் காடு என்று கேட்க வேண்டும். கீழ்க்காட்டைப் பொறுத்தவரை, நல்ல மழைக்குப் பின்னால் கோடை மழை தள்ளிப்போகிற வருஷத்துக்குத்தான் நான் பயப்படுவேன்.

மேலூரிலிருந்து: மூங்கில் உரசித் தீப் பிடிக்கும் என்கிறார்களே?

நம் நாட்டில் காட்டுத் தீயில் பெரும்பகுதி மனிதர்கள் வைப்பதுதான், தெரிந்தோ தெரியாமலோ. பாவம், மூங்கிலை விட்டுவிடுங்கள்.

போடியிலிருந்து: 2018 மார்ச் 11-இல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓடித் தப்ப முடியாதா, சார்?

மேட்டில் ஏறுகிற தீயை மனிதக் கால் முந்தாது. சரிவில் சுடர் மேல்பக்கம் சாய்ந்து, முன்னால் இருக்கிற புல்லைத் தொடுவதற்கு முன்பே காயவைத்துவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது களத்தில் வைத்துக்கொள்ளும் கணக்கு. பகலில் வெயில் பட்ட சரிவில் காற்றும் கீழிருந்து மேலே வீசும். அப்புறம் புல். தடித்த கட்டை காய வாரக்கணக்கில் ஆகும், காய்ந்த புல்லுக்கோ ஒரு மணி நேர வெயில் போதும். காலையில் பனியில் நனைந்திருந்த சரிவு மதியம் பற்றத் தயாராகிவிடும். சரிவு, காற்று, புல் மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தால் தப்புவது கடினம்.

மலையில் தீயைப் பார்த்தால் அதற்கு மேலே போகாதீர்கள். பக்கவாட்டில் விலகி, பாறைப் பரப்போ ஏற்கெனவே எரிந்து ஆறிய இடமோ தேடுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: ராத்திரி சிறுமலையில் தீ மாலை போட்ட மாதிரி தெரிகிறது. ஏன் அணைக்காமல் விடுகிறார்கள்?

விடுவதில்லை. பெரும்பாலும் உள்ளே ஆள் இருப்பார்கள், பச்சைக் கொப்பை ஒடித்து அடித்துக்கொண்டு. ராத்திரி குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே இறங்கும், ஈரப்பதமும் ஏறும். தீ அடங்கி ஊர்வதால் அணைக்க நல்ல நேரமும் அதுதான். சாலையில் நிற்பவருக்குப் பயங்கரமாகத் தெரிகிற அந்தக் கோடு பல இடத்தில் முழங்கால் உயரம்கூட இருக்காது.

உசிலம்பட்டியிலிருந்து: உண்ணிச்செடி பச்சையாகத்தானே நிற்கிறது, அதைப் போய் ஏன் வெட்டுகிறார்கள்?

மேலேதான் பச்சை. அடியில் காய்ந்த குச்சி அடைந்து கிடக்கும். தரையில் ஓடுகிற புல் தீ அதைப் பிடித்து ஏறி மரக்கிளையைத் தொடும். வெட்டட்டும். ஆனால் வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி தழைத்துவிடும். வெட்டியதை அங்கேயே குவித்துவிட்டுப் போனால் நாமே விறகு அடுக்கிக் கொடுத்த மாதிரி.

சாப்டூரிலிருந்து: பழைய புல்லைக் கொளுத்தினால் மாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்குமே, அண்ணே?

துளிர்க்கும், பொய் இல்லை. கூடவே மரக்கன்றுகள் கருகும், அடுத்த மழையில் மேல்மண் கரைந்து ஓடும். சில வருஷம் தொடர்ந்து கொளுத்தினால் தீயைத் தாங்குகிற முரட்டுப் புல்தான் மிஞ்சும், அதை மாடு சரியாக மேயாது. சட்டப்படி குற்றம் வேறு. காய்ந்த புல்லை அறுத்துக்கொள்ள அனுமதி கிடைக்குமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். கிடைத்தால் மாட்டுக்குத் தீவனம், காட்டில் எரிபொருளும் குறையும்.